ஓடுகிற மெஷினில் கை வைக்கலாமா? கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் விண்டோஸ் 11 ஏற்றிய அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், பின்கட்டில் ஒரு மினி ஆஃப்செட் அச்சு மெஷின். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின. விண்டோஸ் 11-க்கு மாறுவதா, இப்படியே ஓட்டுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். முதலாளி அண்ணன் தன் பக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தம்பி, ஓடுற மெஷின்ல கைய வைக்காதீங்க. தை முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் பாத்துக்குவோம்."

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பத்திரிகைத் தொழிலில் முகூர்த்தத் தேதிதான் கெடு, அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. பத்திரிகை கைக்கு வந்து, குலசாமிக்கு வைத்த பிறகுதான் இரண்டு வீட்டாரும் ஊர் ஊராக வைக்கக் கிளம்புவார்கள். கணினி படுத்துக்கொண்டால் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்? ஏற்றி ஏதாவது கெட்டால் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வரலாம்? இரண்டாவதற்கு "அரை மணி நேரம்" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், முதல் கேள்வியை நிதானமாகப் பேசலாம்.

ஏற்றாமல் விட்டால்

டிசைன் பார்க்கும் அக்கா கேட்டார்: "ரெண்டு மெஷின்லதான தம்பி நெட் இருக்கு, மத்ததுக்கு எதுக்கு அப்டேட்டு?" அச்சகங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஆனால் அந்த மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் நிலைமை புரிந்துவிடும். ஒருவர் குழந்தையின் காதணி விழா போட்டோவைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார். அடுத்தவர் வாட்ஸ்அப்பில் ஜாதக நோட்டைப் படம்பிடித்து அனுப்புகிறார். ஃபிளக்ஸ் கடையிலிருந்து ஒரு பையன் இன்னொரு பென் டிரைவோடு வருகிறான். அது காலையிலிருந்து எத்தனை கணினிகளில் செருகப்பட்டதோ அவனுக்கே தெரியாது. நான்கு கணினிகளும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருக்கின்றன, ஒரே பகிர்வு ஃபோல்டரைத் திறக்கின்றன. இதில் நெட் இருக்கும் கணினி, இல்லாத கணினி என்ற பிரிவினைக்குப் பெரிய பொருளில்லை.

அண்ணனிடம் வான்னாகிரை என்ற வைரஸின் கதையைச் சொன்னேன். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே அப்டேட் கொடுத்துவிட்டது. மே 12-ஆம் தேதி அந்த ஓட்டை வழியாக வான்னாகிரை புகுந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் ஒரு கணினிக்கு வந்தால் போதும், பக்கத்துக் கணினிக்குத் தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திராவில் காவல்துறைக் கணினிகள்கூடச் சிக்கின. அப்டேட் வந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகியும் ஏற்றாத இடங்களில்தான் அது ஆடியது. ஆதரவு நின்றுபோயிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மறுநாளே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் அப்டேட் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த அச்சகத்தில் பல வருடப் பத்திரிகை டிசைன்கள் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாடல் வேணும்" என்று தம்பி கல்யாணத்துக்கு வருகிறவர்கள்தான் இங்கே பாதிப் பேர். அந்த ஃபோல்டர் பூட்டிக்கொண்டால் தொழிலே நின்றுவிடும்.

ஏற்றினால் கெடும் என்பதும் பொய்யில்லை

அண்ணன் தன் பயத்துக்கு ஓர் ஆதாரமும் வைத்திருந்தார். 2021-இல் அப்டேட் ஆன பிறகு பிரிண்டர் வேலை செய்யாமல் நின்றது அவருக்கு நினைவிருக்கிறது. அது நடந்ததுதான். அந்த வருடம் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்தது. பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் வழியாகவே கணினியைக் கைப்பற்ற முடிந்தது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் அவசர அப்டேட் விட்டது. அதைத் தொடர்ந்து செப்டம்பரில் வந்த அப்டேட் பகிர்வு பிரிண்டர்களுக்கான பாதுகாப்பை இறுக்க, பல கடைகளில் 11பி என்று முடியும் பிழை எண்ணோடு பிரிண்டர் இணையாமல் போனது. அதற்கு முன்னால் அதே வருடம் மார்ச்சில் வந்த அப்டேட்டால், சில பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்தாலே கணினி முடங்கி நீலத்திரை வந்தது. 2018 அக்டோபரில் விட்ட பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, நான்கே நாளில் நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள்.

ஆகவே வந்த அன்றே ஏற்றுவதும் சரியில்லை, வருடக்கணக்கில் ஏற்றாமல் விடுவதும் சரியில்லை. நான் வைத்திருக்கும் வழக்கம் இது. மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் அன்று வெளியாகும். அமெரிக்க நேரக் கணக்கில் அது நமக்குச் செவ்வாய் இரவு. புதன் காலை கடை திறக்கும்போது காத்திருக்கும். வேலை நடக்கும் கணினிகளில் ஒரு வாரம் நிறுத்திவைப்பேன். அந்த ஒரு வாரத்தில் பெரிய கோளாறுகள் வெளியே தெரிந்துவிடும். விண்டோஸ் 11-க்கு 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 என்ற அப்டேட் இதற்கு நல்ல உதாரணம். அதை ஏற்றியவர்களுக்கு மீட்புத் திரைக்குள் போனால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போயின. அக்டோபர் 20-இல் திருத்தம் வந்தது. ஓட்டையை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் மட்டும் இந்த ஒரு வாரத்தைப் பார்க்க மாட்டேன். ஏற்றிவிட்டு பிரிண்டரைச் சரிசெய்துகொள்வேன்.

எப்போது ஏற்றுவது என்பதற்கு அச்சகத்தில் நாள் பார்க்க வேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆகவே மார்கழி முழுக்க ஓய்வு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை மார்கழிப் பாதியிலேயே அச்சுக்கு வந்துவிடும். ஆடியும் அப்படித்தான், ஆவணி வேலை ஆடியிலேயே தொடங்கிவிடும். கையில் கிடைப்பது கார்த்திகைக் கடைசி முகூர்த்தப் பத்திரிகைகள் டெலிவரி ஆன பிறகு மார்கழி தொடக்கம் வரையுள்ள சின்ன இடைவெளி. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டேன். அந்த ஏரியாவுக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொண்டோம். யூபிஎஸ் பேட்டரியையும் அந்த வாரமே மாற்றச் சொல்லிவிட்டேன். "முதல்ல காப்பி எடுத்து அதுல போட்டுப் பாக்கிறேண்ணே, உங்க டிஸ்க்கத் தொடவே மாட்டேன்" என்றதும்தான் அவர் சம்மதித்தார்.

எந்தக் கணினிக்கு என்ன

இரண்டு டிசைன் கணினிகளும் இன்டெல் ஐ5, 8-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் அதுதான் தொடக்கக் கோடு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைந்திருந்தது. இன்டெல் பலகைகளில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், இயக்கிவிட்டால் போதும். பில்லிங் கணினி 4-ஆம் தலைமுறை ஐ3, தகுதி இல்லை. நான்காவது, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கிழட்டுக் கணினி: 32 பிட் விண்டோஸ் 10, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7, யூஎஸ்பி டாங்கிளோடு (செருகினால்தான் ஓடவிடும் சாவி) வந்த பழைய தமிழ் எழுத்துருத் தொகுப்பு. அந்த டாங்கிளுக்கு 32 பிட் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) மட்டுமே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது. தொகுப்பை விற்றவர்கள் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை.

தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் இருக்கின்றன, தெரியும். பிழைப்பு நடக்கும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. பாதுகாப்புக்காக மாறுகிறோம், அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதமே இல்லாத வழியில் ஏன் போக வேண்டும்?

வேலை

முதல் டிசைன் கணினியில் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். புது 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் குளோன்சில்லாவால் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். நகலுக்கு முன் விண்டோஸில் வேகத் தொடக்கத்தை அணைத்து முழுமையாக ஷட் டவுன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும், நகல் எடுக்கும் மென்பொருள் அந்த டிஸ்க்கைத் தொட மறுக்கும். நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதி, அண்ணன் கல்லாப்பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன். அசலும் நகலும் ஒரே நேரத்தில் கணினியில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவிடும். இனி எது கெட்டாலும் இரண்டு கேபிளை மாற்றி, பயாஸில் பூட் முறையைப் பழையபடி வைத்தால் பழைய கணினி திரும்ப வந்துவிடும். அந்த அரை மணி நேர உறுதி கிடைத்தாயிற்று.

அடுத்த சிக்கல் டிஸ்க்கின் அமைப்பு. நம் ஊர்களில் அசெம்பிள் செய்த கணினிகளில் டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்து, பழைய எம்பிஆர் முறையில் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற வேண்டும். விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமலே மாற்றித்தரும். முதலில் சரிபார்ப்பு மட்டும் ஓட்டிப் பார்த்தேன், டிஸ்க் அமைப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. காரணம் டி-யும் ஈ-யும். அவை நீட்டிப்புப் பிரிவுக்குள் தர்க்கப் பிரிவுகளாக இருந்தன, அந்தக் கருவி அதை ஏற்காது. நகல்தானே, தயக்கமில்லாமல் டி, ஈ இரண்டின் கோப்புகளையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு அந்தப் பிரிவுகளை நீக்கினேன். மறுபடி சரிபார்த்தபோது தேறியது. மாற்றி முடித்ததும் பயாஸில் பழைய பூட் முறையை அணைத்து, யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், பிடிடி மூன்றையும் இயக்கினேன். பயாஸில் கை வைக்கும் முன் டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் டிபிஎம் அமைப்பைத் தொடவே கூடாது.

விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பை ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை வீட்டிலேயே இறக்கிக் கொண்டுபோயிருந்தேன். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்து ஓடவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஏறியதும் செய்த முதல் வேலை, பழைய பதிப்புக்குத் திரும்பும் கெடுவை நீட்டியது. இயல்பில் 10 நாள்தான். விண்டோஸில் இருக்கும் டிஸ்ம் என்ற கட்டளையால் 60 நாள் வரை ஆக்கலாம். தை முகூர்த்தம் தாண்டும் வரை அந்தக் கதவும் திறந்திருக்கட்டும் என்று 60 வைத்தேன்.

அக்காவோடு உட்கார்ந்து பார்த்தது

திங்கள் காலை அக்காவை வரச்சொல்லி, தினமும் செய்கிற வேலையை அப்படியே செய்யச் சொன்னேன். போன ஆவணிப் பத்திரிகை ஒன்றை டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் திறந்தார். இந்தப் பழைய எழுத்துருக்கள், எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. சில எழுத்துகள் பிரியா இடைவெளி, மென்கோடு போன்ற குறிகளுக்கான இடங்களில்கூட இருக்கும். மென்பொருள் மாறினால் அந்த எழுத்து மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். ஆகவே அக்கா மேலே ஸ்ரீ தொடங்கி, கீழே உற்றார் உறவினர் பெயர்கள் வரை விரல் வைத்து வாசித்தார். எழுத்து எதுவும் போகவில்லை.

பிரிண்டில்தான் ஒன்று அகப்பட்டது. இங்கே டிரேசிங் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து அதை வைத்துத்தான் ஆஃப்செட்டுக்கான பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறார்கள். புதிதாக எடுத்த ஷீட்டையும் பழைய வேலையின் ஷீட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார் அக்கா. மூலைக் குறிகள் பொருந்தவில்லை, எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தது. "இப்படியே பிளேட்டுக்குப் போனா கட்டிங்ல தங்க பார்டர் ஒரு பக்கம் போயிரும் தம்பி" என்றார். பிரிண்டர் டிரைவரைப் புதிதாகப் போட்டபோது தாள் அளவு லெட்டர் என்று உட்கார்ந்துவிட்டிருக்கிறது. ஏ4 ஆக்கியதும் குறிகள் முடியளவு பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. நீங்கள் அச்சகத்தில் இந்த வேலை செய்தால் இந்த ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள்.

பிரிண்டர் அதுவரை பில்லிங் கணினியில் யூஎஸ்பியில் செருகி, மற்றவற்றுக்குப் பகிர்ந்திருந்தது. அங்கே விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தால், 2021-இன் அந்த 11பி பிழைக்காக யாரோ பாதுகாப்பையே அணைத்து வைத்திருந்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தது. இத்தனை வருடம் அப்டேட் ஏறியும் அந்த ஓர் இடத்தில் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. பிரிண்டரின் பின்னால் ஒரு நெட்வொர்க் துளை பயன்படாமல் இருந்தது. நேராக ரூட்டருக்குக் கேபிள் இழுத்து, நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, எல்லாக் கணினிகளிலும் ஐபி மூலமாகவே சேர்த்தேன். பிரிண்டர் பகிர்வை நீக்கினேன், ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் அழித்தேன், வெளியிலிருந்து வரும் பிரிண்ட் இணைப்புகளை ஸ்பூலர் ஏற்கக் கூடாது என்று பாலிசியும் வைத்தாயிற்று.

பகிர்வு ஃபோல்டர் திறக்க மறுத்தது எதிர்பார்த்ததுதான். 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பை ஏற்பதில்லை. அந்தத் தடையைத் தளர்த்த வழி உண்டு; இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். நான் செய்யவில்லை. ஃபோல்டர் இருக்கும் கணினியில் 'அச்சகம்' என்று ஒரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் உண்டாக்கி, ஒவ்வொரு டிசைன் கணினியிலும் ஒருமுறை பதிந்துவைத்தேன். அதன் பிறகு அக்காவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு வாரம் வேலை ஓடிய பிறகு இரண்டாவது டிசைன் கணினிக்கும் இதையே செய்தேன். பில்லிங் கணினிக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டிப்புப் பாதுகாப்பு முதல் ஆண்டுக்குக் கணினிக்கு 61 டாலர். ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுதான் கிடைக்கும். அதற்கு ஒரு 8-ஆம் தலைமுறை பழைய கணினியே வாங்கிவிடலாம் என்று சொன்னேன், அண்ணன் வாங்கிவிட்டார். அவர் வீட்டுக் கணினிக்குக் கணக்கு வேறு. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10, 22எச்2-ஆக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிந்து கொடுத்துவிட்டேன்.

மூலையில் இருக்கும் பேஜ்மேக்கர் கணினியில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, பயாஸிலேயே நெட்வொர்க் கார்டை அணைத்துவிட்டேன். அதற்கென்று ஒரு சிவப்புப் பென் டிரைவ். வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவும் அதில் செருகக் கூடாது. பழைய கோப்பு வேண்டுமென்றால் அங்கே திறந்து, பிடிஎஃப் ஆக்கி, சிவப்பு டிரைவில் வெளியே கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து அதற்குள் எதுவும் போகாது. அந்த டிரைவை டிசைன் கணினியில் செருகியதும் வைரஸ் சோதனை ஓட்டிவிட்டுக் காலி செய்துவிட வேண்டும் என்பதையும் அக்கா ஏற்றுக்கொண்டார்.

அந்த டாங்கிள் என்றைக்காவது செத்துப்போகும், கணினி அதற்கு முன்னால் போகலாம். அதனால் அடிக்கடி கேட்கப்படும் பத்திரிகை மாடல்களை ஒவ்வொன்றாக யூனிகோடு எழுத்துருவில் கோரல்டிராவுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். அக்காவுக்குத் தமிழ்99 கைவரும், விண்டோஸிலேயே அந்த விசைப்பலகை இருக்கிறது. கும்பாபிஷேகப் பத்திரிகைகள்தான் நீளமானவை, அவற்றை ஆடி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.